பின்னால் மின்னிய மஞ்சள் விளக்கு

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பிரைட்டின் கண்ணுக்கு வெளுத்ததெல்லாம் பேயாகத் தெரிந்தது.

நேரம் என்னவோ காலைதான். ஆனால் ஓமானில், சலாலாவுக்கு மேலே மலைச்சாலையில் கரீஃப் என்னும் சாரல் பருவத்து மூடுபனி இறங்கிவிட்டால் காலை, மத்தியானம் எல்லாம் ஒரே நிறம். சைக்கிளின் முன் சக்கரம் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கு அப்பால் சாலை இருக்கிறது என்று நம்பித்தான் மிதிக்க வேண்டியிருந்தது. வலது பக்கம் சரிவு. எவ்வளவு ஆழம் என்று தெரியாமல் இருந்ததே ஒரு புண்ணியம்.

"அக்கா, இருக்கியளா?" என்று கத்தினான்.

"செத்துட்டேன். பேசாம மிதிடா" என்று பனிக்குள்ளிருந்து பதில் வந்தது.

பதில் சொன்னவள் பானுமதி. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக வாகன விபத்துகளைத் துருவித் துருவிப் பார்ப்பது அவள் தொழில். நசுங்கிய பம்பரைப் பார்த்தே இடித்தவன் என்ன பொய் சொல்லப்போகிறான் என்று சொல்லிவிடுவாள். பிரைட் அவளுக்கு டிரைவர், போட்டோகிராபர், வசவு வாங்கும் இயந்திரம், மூன்றும். குளச்சல் கடற்கரைக்காரன். கடலில் பனி இறங்கினால் படகை நிறுத்திவிட்டு மாதாவைக் கூப்பிடுவது அவன் குல வழக்கம். இங்கே நிறுத்தவும் விடமாட்டேன் என்கிறாளே இந்த அக்கா!

ஒரே ஒரு ஆறுதல் பின்னால் வந்துகொண்டிருந்தது. பாலகுருவின் பிக்கப். அதன் மஞ்சள் இண்டிகேட்டர்கள் இரண்டும் சேர்ந்து மின்னி மின்னி, பனியில் ஒரு வெளிச்ச வட்டம் போட்டன. அந்த வட்டத்துக்குள் இருக்கும்வரை வேறு வண்டி வந்து இடிக்காது. பிரைட் அடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

பார்த்துவிட்டு, கைப்பிடியில் இருந்த மணியை அடித்தான். ட்ரிங், ட்ரிங்.

"அதை எதுக்குடா அடிச்சுக்கிட்டே வர்ற?"

"ஆடு மாடு வந்தா ஒதுங்கட்டும்னுதான்."

உண்மையில் ஆட்டுக்காக அல்ல. மணி ரினியுடையது. அதை அடித்தால் கொஞ்சம் தைரியம் வந்தது.

ரினி அவனுடைய சித்தி மகள். சலாலாவில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். டூட்டி இல்லாத நாளில் மற்ற நர்ஸுகள் தூங்குவார்கள், துணி துவைப்பார்கள். இவள் சைக்கிளின் இரண்டு பக்கமும் பை கட்டிக்கொண்டு மலையேறிவிடுவாள். இங்கிலாந்தில் வேலைக்கான பரீட்சை எழுதிப் பாஸாகிவிட்டாள். போவது வேலைக்காகவா சைக்கிளுக்காகவா என்று கேட்டால் சிரிப்பாள். அவளுடைய ரூம் சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் இங்கிலாந்துக் கிராமச் சாலை ஒன்றின் படம் ஒட்டியிருக்கும். செடி வேலி, கல் சுவர், மேயும் ஆடு, ஆளே இல்லாத வளைவு.

"கரீஃப்ல நம்ம மலையும் அதேதான் அண்ணா. ஒட்டகம் மட்டும் எக்ஸ்ட்ரா" என்பாள்.

வெளிநாட்டு மணி பல்லி இருமுவதுபோல் இருக்கிறது என்று அவள் குறைபட்டதால், போன லீவில் நாகர்கோவிலிலிருந்து பழைய மாடல் பித்தளை மணியை வாங்கி வந்து கொடுத்தவன் பிரைட். ஏழு தெருவுக்குக் கேட்கும் மணி.

வெள்ளிக்கிழமை காலை அடிவாரத்தில் இருக்கும் பாலகுருவின் ஷெட்டில் டயருக்குக் காற்றடித்துக்கொண்டு கிளம்பினாள். திரும்பவில்லை. சாயங்காலம் உச்சியில், எல்லாரும் நின்று படமெடுக்கும் இடத்துக் கம்பி வேலிக்கு வெளியே, அவளுடைய சைக்கிள் மட்டும் கிடந்தது. பனியில் தவறி விழுந்திருக்கிறாள் என்று போலீஸும் தீயணைப்புப் படையும் கயிறு கட்டிப் பள்ளத்தில் தேடுகிறார்கள். இன்று ஞாயிறு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. சைக்கிள் கிடந்த இடத்தில்தானே தேடுவார்கள்.

ஊரிலிருந்து சித்தியின் போன் வந்தபடியே இருந்தது. "பிள்ள கெடச்சாளா மக்கா?" நேற்றுவரை எடுத்து எதையோ உளறினான். இன்று காலையிலிருந்து எடுக்கவில்லை. சட்டைப்பையில் அது துடிக்கும்போதெல்லாம் கையால் அமுக்கிக்கொண்டான்.

இன்று விடிந்ததும் பானுமதி அவனை பாலகுருவின் ஷெட்டுக்கு இழுத்துப் போனாள். போலீஸ் பார்த்து முடித்த சைக்கிளை அங்கேதான் வைத்திருந்தார்கள். பாலகுரு கரீஃப் பருவத்தில் டூரிஸ்டுகளுக்கு வாடகைச் சைக்கிள் விடுகிறவர். சேலத்துக்காரர். ஷெட் வாசலில் 'இங்கிலாந்தின் கிராமச் சாலைகள் இனி சலாலாவில்' என்று பெரிய போர்டு. அவர் இங்கிலாந்து போனதும் இல்லை, சைக்கிளில் ஏறியதும் இல்லை. ரினியைத் தேடி முதல் நாளே மலையெங்கும் சுற்றி, தொண்டை கட்டும்வரை கூப்பிட்டவர் அவர்தான்.

ஷெட் மூலையில், மற்றவர்கள் காதில் விழாத குரலில் பானுமதி கேட்டாள். "ரினி சைக்கிளைத் தரையில படுக்க வைப்பாளா?"

"வைப்பா. ஆனா சங்கிலிப் பக்கம் மேல இருக்கணும். கியரு எல்லாம் வலது பக்கம்லா, தரையில பட்டா வளைஞ்சிரும். நான் ஒருக்கா மாத்தி வச்சிட்டேன். ரெண்டு நாள் எங்கிட்ட பேசல. டூர் போற ஒருத்தரும் அப்பிடி வைக்க மாட்டாவன்னு ஒரே ஏச்சு."

"இப்பப் பாரு."

சங்கிலிப் பக்கம் முழுக்கச் சேறும் புல்லும் அப்பியிருந்தது. மறுபக்கம் சுத்தம்.

"அப்ப கீழ விழுந்துட்டுதோ?" என்றான் பிரைட்.

"விழுந்தா பெடல் சிராய்க்கும், கைப்பிடி கீறும். ஒரு கோடு இருக்கா? இதை யாரோ பூ மாதிரி படுக்க வச்சிருக்காங்க. ஆனா சைக்கிள் தெரியாத ஆளு. சரி, சங்கிலி எந்தப் பல்லுல கெடக்கு?"

குனிந்து பார்த்தான். முன்னால் இருப்பதிலேயே பெரிய பல்சக்கரம். பின்னால் இருப்பதிலேயே சின்னது.

"இது மலை ஏறுத கியரே இல்ல அக்கா. இதுல ஏறினா முட்டு கழண்டு கையோட வந்திரும்." சொல்லிவிட்டு நிறுத்தினான். அவனுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. "வண்டியில ஏத்தும்போதுதான் இப்பிடி மாத்துவா. பெரிய பல்லு மேல சங்கிலி கெடந்தா பல்லு இடிபடாதுன்னு சொல்லுவா."

பானுமதி அவனையே பார்த்தாள். "அப்ப வண்டியில ஏத்தினது ரினி. இறக்கினது ரினி இல்ல."

பிரைட் யோசித்துப் பார்த்தான். தெரிந்த ஒருவரின் வண்டியில் அவளே விரும்பி சைக்கிளை ஏற்றியிருக்கிறாள். அந்த வண்டி உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது அதில் அவள் இல்லை. அப்படியானால் பள்ளத்திலும் அவள் இல்லை. வேறெங்கோ இருக்கிறாள். உயிரோடு இருந்தால், யாரும் தேடாத இடத்தில் இருக்கிறாள்.

பானுமதி எழுந்து, இப்போது ஷெட்டுக்கே கேட்கும்படி பேசினாள். அங்கே பாலகுரு, இரண்டு டிரைவர்கள், சைக்கிள் ரிப்பேர் பார்க்கும் அஸீம் எல்லாரும் இருந்தார்கள்.

"முன் சக்கரத்தைக் கழட்டி மாட்டினவங்க பக்கம் மாத்தி மாட்டிட்டாங்க. மீட்டரோட காந்தம் அந்தப் பக்கம் போயிடுச்சு. அதனால அதுக்கப்புறம் மீட்டர் ஓடல. கழட்டின இடத்தோட நின்னுபோச்சு. அஸீம் பாய், சக்கரத்தைச் சரியா மாட்டுங்க. நாங்க இங்கேருந்து மிதிச்சுக்கிட்டே போறோம். அந்தத் தூரம் வரும்போது அவ ஏறின இடம் தெரிஞ்சுடும்."

சொல்லிவிட்டு மீட்டர் மேல் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டாள். சாரலில் நனையக்கூடாதாம். எத்தனை கிலோமீட்டர் என்று யாரிடமும் சொல்லவில்லை. பிரைட் கேட்டதற்கு, "போகும்போது பார்த்துக்கலாம்" என்றாள்.

அப்போது பாலகுருதான் முன்னால் வந்தார். "மேடம், அந்த ரோட்டுல காருக்கே வழி தெரியாது. நான் பிக்கப்புல பின்னாலயே வர்றேன். இண்டிகேட்டரைப் போட்டுக்கிட்டே வந்தா ஒருத்தனும் இடிக்க மாட்டான். நம்ம பொண்ணுக்கு இதுகூட செய்யலைன்னா நான் மனுசனா?"

பிரைட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. ரினியின் சைக்கிளில் பானுமதி, வாடகைச் சைக்கிளில் அவன், பின்னால் பிக்கப். கிளம்பும்போது ரினியின் மணியை மட்டும் கழற்றித் தன் கைப்பிடியில் மாட்டிக்கொண்டான்.

இப்படியாகத்தான் அவன் இந்தப் பனிக்குள் வந்து சேர்ந்தான்.

ஏற்றம் கூடியது. தொடை எரிந்தது. ஒரு வளைவில் வெள்ளையாக ஏதோ குறுக்கே வர, "எனக்க மாதாவே!" என்று அலறி ஒடித்தான். இடது பக்கமாகச் சாய்ந்து விழுந்தான். வந்தது ஒரு ஆட்டுக்குட்டி. அவனை விட அது அதிகமாகப் பயந்து ஓடியது.

பிக்கப் நின்றது. பாலகுரு ஓடி வந்து அவனைத் தூக்கிவிட்டார். சைக்கிளையும் எடுத்து ஓரத்துப் புல்லில் படுக்க வைத்தார். சிராய்த்திருந்த இடது முட்டியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்.

"வலிக்குதா தம்பி? பேசாம வண்டியில ஏறிடேன்."

"அவன் மிதிப்பான்" என்றாள் பானுமதி.

"நான் மிதிப்பேனாம். எனக்க முட்டுக்கு அவிய வாக்கு குடுத்திருக்காவ" என்று பிரைட் முனகிக்கொண்டே ஏறினான்.

கொஞ்ச தூரம் போனதும் சங்கிலி கரகரவென்று அரைக்க ஆரம்பித்தது. குனிந்து பார்த்தான். கியரில் புல். சங்கிலியில் சேறு. விழுந்ததில் அப்பியிருக்கும் என்று நினைத்தான்.

நினைத்த மறு நொடி அவன் கால் மிதிப்பதை மறந்தது.

அவன் விழுந்தது இடது பக்கம். சிராய்த்தது இடது முட்டி. சேறு இருப்பது வலது பக்கம். சைக்கிளை எடுத்து, பூ மாதிரி, சங்கிலிப் பக்கம் தரையில் பட வைத்தவர் பாலகுரு.

இவ்வளவு நேரம் அவனுக்குத் தைரியம் கொடுத்த மஞ்சள் விளக்கு இப்போது அவன் நிழலைச் சாலையில் நீட்டி நீட்டிச் சுருக்கியது. இடிக்கிற வண்டியைத் தடுக்க வந்த வண்டி என்று நினைத்தானே. இடிக்க நினைத்தால் அதற்கு ஒரு அழுத்து போதும். வலப்பக்கம் சரிவு. போலீஸ் வந்து, பாவம் பனியில் தவறி விழுந்துவிட்டார்கள் என்று எழுதிக்கொண்டு போகும்.

கத்தினால் பின்னால் கேட்கும். வேகமாக மிதித்து அக்காவிடம் போகலாம் என்றால் ஏற்றம் விடவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் மணியை அடி அடி என்று அடித்தான்.

பின்னாலிருந்து ஹாரன் ஒலித்தது.

"மேடம்!" பாலகுரு ஜன்னலில் தலையை நீட்டினார். "பனி ஜாஸ்தியாயிடுச்சு. திரும்பிடலாம். நாளைக்கு வருவோம்."

"இன்னும் கொஞ்சம்தான்" என்றாள் பானுமதி.

பிக்கப் நெருங்கியது. இன்ஜின் சூடு பிரைட்டின் பிடரியில் அடித்தது. மறுபடி ஹாரன். "டீசல் கம்மியா இருக்கு மேடம்."

"நீங்க வேணா திரும்புங்க. நாங்க போய்க்கிறோம்."

திரும்பவில்லை. அடுத்த வளைவில் ஹாரன் விடாமல் அலறியது. "மேல பாறை சரிஞ்சு கெடக்காம் மேடம்! சொன்னா கேளுங்க! கலாஸ், போதும்!"

பம்பர் பிரைட்டின் பின் மட்கார்டை லேசாகத் தொட்டது. அவன் வாயில் ஜெபம் பாதியில் நின்றது. எந்த ஜெபம் என்பதே மறந்துவிட்டது. சித்தியின் முகம் கண்ணில் வந்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து யாரிடம் கேட்பாள்?

திடீரென்று எல்லாம் அடங்கியது.

ஹாரன் இல்லை. இன்ஜின் சத்தம் பின்வாங்கியது. மஞ்சள் விளக்கு பழையபடி ஒதுங்கி நல்ல பிள்ளையாக மின்னிக்கொண்டு வந்தது. "சரி மேடம், உங்க இஷ்டம். மெதுவாப் போங்க" என்று பாலகுருவின் குரல்கூட இளகியிருந்தது. ரேடியோவில் ஏதோ அரபிப் பாட்டு வேறு.

பிரைட் மூச்சு விட்டான். அந்த மூச்சு முடிவதற்குள் பானுமதி பிரேக் பிடித்து நின்றுவிட்டாள்.

"திரும்புடா."

"எதுக்கு? இப்பத்தான் அந்த ஆளு..." பக்கத்தில் போய்க் காதோடு சொன்னான். "அக்கா, சைக்கிளை மாத்தி வச்சது அவருதான். சேறு வலது பக்கம்."

"தெரியும். நீ விழுந்தப்பவே பார்த்தேன். திரும்பு."

"தெரிஞ்சும் முன்னால போனியளா? எனக்குப் பின்னால அவரை விட்டுட்டு?"

"நீ நடுவுல இருந்தாத்தான்டா நான் முன்னால என்ன பண்றேன்னு அவர் கண்ணுல படாது."

இரண்டு பேரும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு அந்த மஞ்சள் விளக்கை நோக்கியே இறங்கினார்கள்.

விளக்கு அணைந்தது.

பிறகு ரேடியோ. பிறகு இன்ஜின். உலகத்தில் பனியும் இரண்டு சைக்கிளின் டிக் டிக் சத்தமும் மட்டுமே மிச்சம். எந்த நொடி எந்தப் பக்கத்திலிருந்து என்ன வரும் என்று தெரியாமல் பிரைட் தோளைக் குறுக்கிக்கொண்டு உருண்டான்.

மலைப் பக்கத்தில் சாலையோர வேலி ஓரிடத்தில் அறுந்தது. இரண்டு கல் தூண், நடுவே ஒரு இரும்புக் கேட், அதில் பூட்டு. கேட்டுக்குப் பின்னால் ஒரு தளம் போட்ட வீடு பனியில் கரைந்து நின்றது. டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விடுகிற வீடு. வேலை நடப்பதால் இந்த வருடம் திறக்கவில்லை என்பதற்கு அடையாளமாக வாசலில் மணலும் சிமெண்ட் மூட்டையும் கிடந்தன.

"மணியை அடி" என்றாள் பானுமதி.

இவ்வளவு நேரம் அடிக்காதே என்று திட்டியவள்! பிரைட் மூன்று முறை அடித்தான்.

பனிக்குள்ளிருந்து, இரும்பில் இரும்பு படுகிற சத்தம் மூன்று முறை கேட்டது.

எதிரொலியோ என்று நினைத்தான். இரண்டு முறை அடித்தான். இரண்டு முறை பதில் வந்தது. அவன் வாங்கிக் கொடுத்த மணி. அதன் சத்தம் ரினியைத் தவிர யாருக்குத் தெரியும்?

"ரினி!" என்று கத்தினான்.

"கேட்டைத் தொடாத தம்பி."

பாலகுரு பின்னால் நின்றார். கையில் வீல் ஸ்பேனர். முகத்தில் சாரலா வேர்வையா தெரியவில்லை. பிரைட் தன்னை அறியாமல் பானுமதிக்கு முன்னால் போய் நின்றான். பிறகுதான் தான் செய்த காரியம் அவனுக்கே உறைத்தது. ஆனாலும் நகரவில்லை.

பானுமதி அவன் தோளுக்கு மேலாகப் பேசினாள். குரலில் கோபம்கூட இல்லை. "ஒருத்தியை ஒளிச்சு வைக்க மூணு நாளா உங்களால முடியல. எங்க ரெண்டு பேரையும் எங்கே வைக்கப் போறீங்க? நர்ஸைப் பிடிச்சு வச்சிருக்கீங்கன்னா, உள்ளே வைத்தியம் பார்க்க இன்னொருத்தரும் இருக்காரு இல்ல?"

ஸ்பேனர் கல்லில் விழுந்து உருண்டது. பாலகுரு முகத்தை மூடிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் இவ்வளவுதான். சுஐபு என்று ஒரு பையன். விசா கொடுத்த பழைய முதலாளியை, அதாவது கபீலை, விட்டு ஓடிவந்து, பேப்பர் இல்லாமல் பாலகுருவிடம் ஒளிந்து வேலை செய்தவன். வெள்ளிக்கிழமை காலை, சைக்கிள் அடுக்கிவைக்க பாலகுரு சாவி வாங்கியிருந்த இந்த வீட்டு வாசலில் வாடகைச் சைக்கிள்களை இறக்கும்போது, பனியில் பின்னால் நின்ற அவனைப் பார்க்காமல் பாலகுரு பிக்கப்பை ரிவர்ஸ் எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ரினி சைக்கிளில் வந்தாள். நர்ஸ் ஆயிற்றே, பார்த்ததும் இறங்கி, உடனே ஆஸ்பத்திரி என்றாள். தன் சைக்கிளைத் தானே கியர் மாற்றி, முன் சக்கரம் கழற்றி வண்டியில் ஏற்றினாள்.

"ஆஸ்பத்திரின்னா போலீஸ். போலீஸ்னா அவனும் நானும் உள்ளே." பாலகுரு அழுதார். "ஒரு நாள் இங்கேயே வச்சு வைத்தியம் பாருமான்னு கேட்டேன். முடியாதுன்னு சத்தம் போட்டுச்சு. போனைப் பிடுங்கிட்டுக் கதவைச் சாத்திட்டேன். நாளைக்குத் திறந்துடலாம், நாளைக்குத் திறந்துடலாம்னுதான் நெனச்சேன் மேடம். திறந்தா என்ன ஆகும்னு பயம். சாத்தினா என்ன ஆகும்னும் பயம்."

"சாவி" என்று கையை நீட்டினாள் பானுமதி.

பிரைட் ஓடினான். ஓடுவதற்கு முன், அந்தப் பதற்றத்திலும், வாடகைச் சைக்கிளைச் சங்கிலிப் பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வைத்தான்.

கதவு திறந்ததும் ரினி ஜன்னல் கம்பியோரம் நின்றாள். கையில் சைக்கிள் பம்ப். அதைக் கொண்டுதான் கம்பியில் தட்டியிருக்கிறாள். கண் குழி விழுந்து, உதடு வெடித்து, ஆனால் உயிரோடு. பிரைட் இருகையும் நீட்டிக்கொண்டு போனான். அவள் கட்டிப்பிடிக்கவில்லை.

"அழாத அண்ணா, பிறவு அழலாம். இவர் காலைப் புடி. ஆட்டாம தூக்கணும். காய்ச்சல் ஏறிட்டு வருது."

தரையில் பாயில் சுஐபு கிடந்தான். தொடை எலும்பு முறிந்த காலுக்கு இரண்டு பக்கமும் மரச் சட்டம் வைத்து, தன் ஸ்பேர் டியூப்களை வெட்டி இறுக்கக் கட்டியிருந்தாள். வேலைக்காகக் கழற்றிச் சாத்தியிருந்த ஒரு கதவில் கிடத்தி, அதோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய் பிக்கப்பில் ஏற்றினார்கள். பானுமதி போலீஸுக்குப் பேசினாள். ஆம்புலன்ஸ் பனியில் ஏறிவர நேரமாகும், நீங்கள் இறங்குங்கள், பாதி வழியில் சந்திப்போம் என்றார்கள். பாலகுருவை முன் சீட்டில் ஏறச் சொன்னாள். மந்திரித்து விட்டவர்போல் ஏறினார்.

சாட்சிக்கு வேண்டுமே என்று பிரைட் ரினியின் சைக்கிளிலிருந்து மீட்டரைக் கழற்றினான். பிளாஸ்டிக் பையை உரித்தான். பார்த்தான். தட்டிப் பார்த்தான். திரை வெறுமையாக இருந்தது.

"அக்கா, இதுல நம்பரே இல்ல."

"மழையில கெடந்து பேட்டரி செத்துப்போச்சு. காலையிலேயே பார்த்தேன்." பானுமதி ஸ்டியரிங்கில் ஏறி உட்கார்ந்தாள்.

"அப்ப எதை வச்சு இங்க நின்னிய?"

"ஷெட்ல அத்தனை பேர்கிட்ட மீட்டர் கதையைச் சொன்னேன். ஒருத்தர்தான் கூட வர்றேன்னார். அப்புறம் அவர்தான் மீட்டர். இந்தக் கேட் நெருங்க நெருங்க பனி, டீசல், பாறைன்னு கத்தினார். தாண்டினதும் பாட்டுப் போட்டார். எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னு இதைவிடத் தெளிவா ஒருத்தர் சொல்ல முடியுமா?"

பாலகுரு தலையைத் தூக்கவில்லை.

பிரைட் வியந்து சிரிக்கப் போனான். சிரிக்கும் முன் வேறொன்று தோன்றியது. "அவர் பயப்படாம பேசாம வந்திருந்தா?"

பானுமதி சாவியைத் துவாரத்தில் நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை.

"இந்த வழியாவே மேலே போயிருப்போம்டா" என்றாள் மெல்ல. "மணியை அடிச்சுக்கிட்டே தாண்டிப் போயிருப்போம். காலையிலேருந்து எனக்கு அந்த ஒரு பயம்தான்."

பிரைட் எட்டி, அவள் கையோடு சேர்த்துச் சாவியைப் பிடித்து நுழைத்தான். வண்டி உறுமியது. அவன் பின்னால் ஏறிக்கொண்டான்.

பனிக்குள் பிக்கப் மெதுவாக இறங்கியது. ரினி இரண்டு கையாலும் சுஐபுவின் காலை அசையாமல் பிடித்துக்கொண்டு, அவன் முகத்தையே பார்த்திருந்தாள். பிரைட்டின் சட்டைப்பையில் போன் துடித்தது. காலையிலிருந்து முதல் தடவையாக அதை எடுத்தான். ஸ்பீக்கரைப் போட்டு ரினியின் வாயருகே நீட்டினான்.

"மக்கா, பிள்ள கெடச்சாளா?" என்றது சித்தியின் குரல்.

"அம்மா, நான்தான்" என்றாள் ரினி. "டூட்டியில இருக்கேன். பிறவு பேசுதேன்."

மறுமுனையில் சித்தி அழ ஆரம்பித்தாள்.